சீரியலில் எடுக்கிற முடிவு நம் வீட்டில் எடுபடுமா? குடும்பமாகப் பேசிப் பார்க்க ஒரு வழி

கும்பகோணம் பக்கத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுவது என் தொழில். பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுப்பது), விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுப்பது), உயில் என்று பகல் முழுக்க மற்ற குடும்பங்கள் எடுத்த முடிவுகளை எழுத்தில் கொண்டுவருகிறேன். இரவு வீட்டுக்கு வந்தால் அத்தையும் (என் மாமியார்) என் மகளும் டிவி முன்னால் இருப்பார்கள். அங்கேயும் ஒரு குடும்பம் ஏதோ ஒரு முடிவை எடுத்துக்கொண்டிருக்கும்.

சீரியல் பார்த்தால் குடும்பம் கெட்டுப்போகும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சொத்து, மருமகள் சம்பளம், வயதானவர்களை யார் பார்த்துக்கொள்வது, பிரிந்துபோவது ஆகிய பேச்சுகளெல்லாம் நம் வீட்டு ஹாலில் சத்தமாகக் கேட்பது பெரும்பாலும் சீரியல் ஓடும்போதுதான். அதை அப்படியே விட்டுவிடாமல், அந்தக் குடும்பம் எடுக்கிற முடிவை நம் வீட்டோடு பொருத்திப் பார்த்துப் பேசலாம். எங்கள் வீட்டில் செய்கிறோம். எப்படி என்று சொல்கிறேன்.

ஆளை விட்டுவிட்டு முடிவைப் பிடியுங்கள்

முதலில் செய்ய வேண்டியது இது. ‘அவ நல்லவ, இவ கெட்டவ’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அந்த வாரம் கதையில் வந்த ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் எழுதுவது போல ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள்: யார், யாருக்காக, எதை விட்டுக்கொடுத்து, எதைச் செய்கிறார்கள்.

விஜய் டிவியில் 2018 முதல் 2023 வரை ஓடிய ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ பலருக்கு நினைவிருக்கும். மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் மூர்த்தி, அண்ணி தனம், கூடவே தம்பிகள். தம்பிகளை ஆளாக்கும்வரை தங்களுக்குக் குழந்தை வேண்டாம் என்று மூர்த்தியும் தனமும் தள்ளிவைக்கிறார்கள். பார்க்கும்போது கண் கலங்கும், சரி. ஆனால் வரியாக எழுதினால் கேள்விகள் தானாக வரும். எத்தனை வருடத்துக்குத் தள்ளிவைத்தார்கள்? பிறகு மருத்துவச் செலவு வந்தால் யார் ஏற்றுக்கொள்வது? தம்பிகளுக்கு விவரம் தெரிந்த வயதில் யாராவது அவர்களிடம் ‘இப்படி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம்’ என்று உட்காரவைத்துச் சொன்னார்களா?

இந்தக் கடைசிக் கேள்வியை விடாதீர்கள். யாரைக் கேட்கவில்லை? எந்தச் சீரியலானாலும் எந்த முடிவானாலும் இதைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் மற்ற கேள்விகளைவிட இதுதான் அதிகப் பேச்சைக் கொண்டுவருகிறது.

எங்கள் தெருவிலேயே தம்பி தங்கைக்காகக் கல்யாணத்தைத் தள்ளிவைத்த அக்காக்கள் உண்டு. அவர்களில் ஒருவர்கூட அதை ஒரே நாளில் சாமி படத்துக்கு முன்னால் நின்று முடிவு செய்யவில்லை. இந்த வருடம் தம்பிக்குக் காலேஜ் ஃபீஸ், அடுத்த வருடம் அப்பாவுக்கு ஆபரேஷன், அப்புறம் வீட்டுக்கு மேல்தளம் என்று தள்ளித் தள்ளிப் போனது. யாரும் தள்ளிவைக்கச் சொல்லவில்லை, நிறுத்தவும் சொல்லவில்லை. வீட்டில் பெரிய முடிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன. எடுத்தது என்றைக்கு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சீரியலில் அதற்கு ஒரு நாளும் ஒரு காட்சியும் இருப்பதால் நாம் சுட்டிக்காட்டிப் பேச முடிகிறது. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ரகசியத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள்

தினமும் வருகிற கதைக்குத் தினமும் ஒரு கொக்கி வேண்டும். அரை மணி நேரத்தில் விளம்பரம் போக மிச்சமிருக்கும் நிமிடங்களின் கடைசியில், நாளைக்கும் பார்க்க வைக்கிற மாதிரி ஏதாவது நடந்தாக வேண்டும். அதற்கு மலிவான வழி, ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குத் தெரியாமல் வைத்திருப்பது. அண்ணன் தம்பிகள், மருமகள்கள், மாமியார் எல்லோரும் ஒரே வீட்டில் இருப்பதற்கும் இதுவே ஒரு காரணம். ஒரே வீட்டில் படப்பிடிப்பு நடத்தினால் செலவு மிச்சம், ஒளிந்து நின்று ஒட்டுக்கேட்கவும் வசதி.

அதனால் ஒரு முடிவை நம் வீட்டோடு பொருத்துவதற்கு முன்னால் ரகசியத்தைக் கழித்துவிடுங்கள். இந்த விஷயத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் முடிவு எடுக்க என்ன மிச்சம் இருக்கும்? பல சமயம் ஒன்றுமே இருக்காது. அந்த வாரத்துக் கதையில் நமக்கு எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை என்று விட்டுவிடலாம்.

சில சமயம் மிச்சம் இருக்கும். சன் டிவியில் 2002-ல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’யை எடுத்துக்கொள்ளுங்கள். தாயில்லாத ஐந்து பெண்களைக் கரையேற்ற நினைக்கிற அப்பா. அந்தக் கதையிலிருந்து எல்லா ரகசியங்களையும் எடுத்துவிட்டாலும் ஒரு கேள்வி அப்படியே நிற்கும்: மூத்தவளுக்கு எவ்வளவு செய்தால் கடைசிப் பெண்ணுக்கு மிச்சம் இருக்கும்? இரண்டு பெண் குழந்தைகள் உள்ள எந்த வீட்டிலும் இது நிஜமான கேள்விதான். அத்தை அந்தச் சீரியலைப் பற்றி இன்றைக்கும் பேசுவார். பேசும்போது தன் தங்கைகளின் கல்யாணத்துக்கு எந்த நிலத்தை விற்றார்கள், யார் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் வந்துவிடும். நேரடியாகக் கேட்டிருந்தால் ‘அதெல்லாம் எதுக்கு இப்ப’ என்றிருப்பார்.

நம் வீட்டு ரகசியங்கள் வேறு மாதிரி. நகை அடகில் இருப்பது, நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது, கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே வருவது. இவை வெளியே வரும்போது பின்னணி இசை இருக்காது. வங்கியிலிருந்து ஒரு தபால் வரும், அவ்வளவுதான். ஆகவே சீரியலில் ரகசியம் வெடிக்கிற காட்சி வந்தால், ‘நம்ம வீட்ல யாருக்கும் தெரியாத கடன் எதுவும் இருக்கா?’ என்று பொதுவாக ஒரு கேள்வியை வைத்துவிட்டு எழுந்துபோய்விடுங்கள். பதில் அன்றைக்கே வர வேண்டியதில்லை.

பணமும் நேரமும்

சீரியல் குடும்பத்தில் கம்பெனி கைமாறும், கோடிகள் காணாமல் போகும். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற கரண்ட் பில்லை யார் கட்டுகிறார்கள் என்று தெரியாது. ஆகவே முடிவுக்குப் பக்கத்தில் ஒரு தொகையையும் ஒரு கால அளவையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

‘பாக்கியலட்சுமி’யில் வீட்டோடு இருந்த ஒரு பெண் சமையல் தொழிலில் இறங்கி நிற்கிறாள். கணவன் கோபி வேறொரு கல்யாணம் செய்துகொண்ட பிறகும் நிமிர்ந்து நிற்கிறாள். இதைப் பார்த்து என்னிடம் வருகிற பெண்களில் சிலர் ‘நானும் ஏதாவது ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்’ என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அவர்களிடம் நான் கேட்பவை வேறு. ஐம்பது பேருக்கு ஆர்டர் என்றால் விடிகாலை நாலு மணிக்கு யார் தேங்காய் துருவுவது? பாத்திரம் யாருடையது? முன்பணம் வாங்காமல் சமைத்துக் கொடுத்துவிட்டு மீதியைக் கேட்டு எத்தனை தடவை நடப்பீர்கள்? உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாயிற்றா? வருகிற பணம் யார் கணக்கில் போகும்? அதே காலையில் மாமனாருக்கு மாத்திரை எடுத்துக்கொடுப்பது யார்?

கடைசி இரண்டு கேள்விகளையும் வீட்டு ஆண்கள் காதில் விழும்படி கேளுங்கள். பாக்கியாவின் துணிச்சலை ஹாலில் உட்கார்ந்து பாராட்டுகிற மகன், அம்மா ஒரு மாலை வகுப்புக்குப் போக வேண்டும் என்று சொன்னால் இரவுச் சாப்பாடு என்ன என்று கேட்கிறான். அவனிடம் சண்டை போட வேண்டாம். அந்த ஒரு மாலையை மட்டும் மணிக்கணக்காகப் பிரித்துத் தாளில் எழுதிக் காட்டுங்கள். என் மகனுக்கு அப்படித்தான் குக்கர் வைக்கத் தெரிந்தது.

கையெழுத்து வரும் காட்சி

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது என் மேசைக்கு வருகிற விஷயம். சீரியலில் ஒருவர் தூங்கும்போது பெருவிரலில் மை தடவிச் சொத்தை எழுதி வாங்கிவிடலாம். விவாகரத்துத் தாளில் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினால் கல்யாணம் முடிந்துவிடும். இதை உண்மை என்று நம்பிப் பயந்துபோய் வருகிற வயதானவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உண்மையில் வீடு, நிலம் போன்றவற்றைச் செட்டில்மென்டாகவோ கிரயமாகவோ மாற்ற வேண்டுமென்றால் பதிவு செய்தாக வேண்டும். எழுதிக்கொடுப்பவர் சார்பதிவாளர் முன்னால் நேரில் வர வேண்டும். அடையாளம் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், கைரேகை வைப்பார்கள், சாட்சிகள் கையெழுத்திடுவார்கள். நடக்க முடியாதவர் என்றால் மனு கொடுத்து, அலுவலரை வீட்டுக்கே வரவழைத்துப் பதிவு செய்ய வழி உண்டு. விவாகரத்தும் அப்படியே. இந்துத் திருமணச் சட்டப்படி இருவரும் சம்மதித்துப் பிரிவதென்றாலும் ஒரு வருடமாவது தனித்தனியே இருந்திருக்க வேண்டும், மனு போட்ட பிறகு பொதுவாக ஆறு மாதக் காத்திருப்பு உண்டு, இருவரும் சம்மதத்தை நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். தாளில் கையெழுத்து விழுந்த மறுநாள் வேறு கல்யாணம் என்பது கதையில் மட்டும்தான்.

பயப்பட வேண்டியது எதற்கு? நிரப்பாத புரோநோட்டிலும் வெற்று முத்திரைத்தாளிலும் போடுகிற கையெழுத்துக்கு. என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கூடக் கேட்காமல் கொடுக்கிற பவர் பத்திரத்துக்கு. சீரியலில் கையெழுத்துக் காட்சி வரும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். அப்போது சொன்னால் மனதில் நிற்கும்.

இதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. ‘எதிர்நீச்சல்’ 2022-ல் தொடங்கியபோது ஊரே பார்த்தது. படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படியில் நிறுத்திவைக்கிற வீடு. குடும்பச் சொத்தில் அப்பத்தாவின் 40 சதவீதப் பங்கைச் சுற்றி அத்தனை சூழ்ச்சி. அந்த வீட்டை ஆட்டிவைக்கிற ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்தபோது எங்கள் தெருவில் சொந்தக்காரர் போனது மாதிரி பேசிக்கொண்டார்கள். அந்தக் கதையில் பங்கைப் பறிக்கப் பார்க்கிறவர் யார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

என் மேசைக்கு வருகிறவர்கள் முகத்தில் அப்படி எதுவும் இருக்காது. அண்ணனும் தங்கையும் ஒரே பைக்கில் வந்து இறங்குவார்கள். தங்கைக்குக் காபி வாங்கிக் கொடுப்பார். ‘விடுதலைப் பத்திரம்தான்க்கா, பாப்பா கையெழுத்துப் போட்டுரும்’ என்பார். அவர் கெட்டவர் இல்லை. தங்கை பிரசவத்துக்கு ஓடியவர், சீர் குறையாமல் செய்தவர். தங்கையும் சிரித்துக்கொண்டேதான் பேனாவை வாங்குவாள். ‘நீங்க விட்டுக்கொடுக்கிற பங்கோட இன்னைய மதிப்பு என்னன்னு தெரியுமாம்மா?’ என்று நான் கேட்டால் இருவருமே திகைப்பார்கள். அதுவரை அந்த வீட்டில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தெரிந்தே விட்டுக்கொடுத்தால் அது அவள் உரிமை, நான் எழுதித் தருவேன். தெரியாமல் விட்டுக்கொடுப்பதைப் பார்க்கத்தான் எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஆகவே உங்கள் வீட்டில் பேசும்போது வில்லனைத் தேடாதீர்கள். சீரியலில் தவறான முடிவுக்கு ஒரு தவறான ஆள் இருப்பார். வீட்டில் நல்லவர்களே கூடி, ஒருவரை மட்டும் கேட்காமல், தவறான முடிவை எடுத்துவிடுவார்கள். விட்டுப்போனவர் பெரும்பாலும் கட்டிக்கொடுத்த பெண்ணாக இருப்பார், இல்லையென்றால் வீட்டுப் பாட்டியாக இருப்பார்.

பங்கு பற்றிய காட்சி வரும் நாளில் சில விவரங்களைச் சேர்த்துச் சொல்லுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-லேயே அப்போது திருமணமாகாத மகள்களுக்கு இந்த உரிமை வந்தது, 2005 திருத்தத்தால் நாடு முழுக்க வந்தது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்பா தானே சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். எழுதாமல் போய்விட்டால் மனைவி, மகன்கள், மகள்களோடு அவருடைய அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் சம பங்கு. இந்தக் கடைசி விஷயம் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவே தெரியாது. மகனைப் பறிகொடுத்த பாட்டிகளுக்குக்கூடத் தெரியாது.

இன்னொன்று. சீரியலில் உயிலும் செட்டில்மென்டும் ஒன்றுபோலக் காட்டப்படும். உயிலை எழுதியவர் சாகும்வரை மாற்றிக்கொண்டே இருக்கலாம். செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டால் நினைத்தபோது திரும்ப எடுக்க முடியாது. தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, பிள்ளைகள் கைவிட்டால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். அதனால்தான் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லி நான் வற்புறுத்துவேன். ‘பையன் மேல நம்பிக்கை இல்லாத மாதிரி ஆயிடுமே’ என்பார்கள். பையனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் எழுதுவேன்.

பேச்சை எப்படித் தொடங்குவது

சீரியல் ஓடும்போது நடுவில் நிறுத்திப் பாடம் எடுத்தால் யாருக்கும் பிடிக்காது. விளம்பரம் வரும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி போதும்: ‘இதே நம்ம வீடா இருந்தா என்ன செஞ்சிருப்போம்?’

வயதில் சின்னவரை முதலில் பேசவிடுங்கள். இதில் நான் கறாராக இருப்பேன். அத்தை முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என் மகள் வாயைத் திறக்க மாட்டாள், புதிதாக வந்த மருமகள் இருக்கிற வீடென்றால் கேட்கவே வேண்டாம். சின்னவர்கள் சொன்ன பிறகு பெரியவர்கள் சொல்லட்டும். பெரியவர்களுக்கு அனுபவம் இருக்கிறது, பொறுத்திருந்து சொன்னாலும் அதன் மதிப்பு குறையாது.

‘நம்ம சித்தப்பா பண்ணின மாதிரியே இருக்கு’ என்று ஆளைச் சுட்டாதீர்கள். கதையில் வருகிற பெயரிலேயே பேசுங்கள். கதாபாத்திரத்தின் பெயரில் பேசும்போது மனிதர்கள் தங்கள் மனதைத் தைரியமாகத் திறக்கிறார்கள். ‘அந்தப் பாட்டி எதுக்கு மூணு பிள்ளைங்க வீட்டுக்கும் மாறி மாறிப் போகணும், தன் வீட்லயே இருக்கலாமே’ என்று அத்தை ஒருநாள் சொன்னார். அந்தப் பாட்டியைப் பற்றி மட்டும் அவர் சொல்லவில்லை என்று என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் புரிந்தது. கொழுந்தனாரிடம் பேசினோம். முறைவைத்து மாதம் மாறுவதை நிறுத்தினோம்.

விருந்தாளி இருக்கும்போது இந்தப் பேச்சு வேண்டாம். யாராவது அழுதால் அன்றைக்கு அத்தோடு விடுங்கள், ‘நீ ஏன் அழற, கதைதானே’ என்று மட்டும் சொல்லாதீர்கள். வாரத்துக்கு ஒரு முடிவு போதும்.

அடி வாங்கிய மனைவி மறுநாள் காபி கொண்டுவந்து கொடுக்கிற காட்சி வந்தால் மட்டும் மேலே சொன்ன பொறுமையெல்லாம் தேவையில்லை. பிள்ளைகள் முன்னாலேயே அது தவறு என்று உடனே சொல்லுங்கள். குடும்ப வன்முறைக்கு எதிராக 2005-ஆம் ஆண்டுத் தனிச் சட்டம் இருக்கிறது என்றும், 181 என்ற எண்ணில் பெண்கள் உதவி கேட்கலாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பேச்சு நிஜ முடிவை நோக்கிப் போகிற மாதிரி தெரிந்தால் அன்றே தீர்மானிக்க வேண்டாம். வீட்டில் இருக்கிற தாய்ப்பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் ஒரு உறையில் சேருங்கள். சொத்தின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று காட்டுகிற வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், பதிவுத்துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். வங்கிக் கணக்கிலும் இன்சூரன்ஸிலும் நாமினி யார் என்று பாருங்கள், வங்கிக் கணக்கில் நாமினி பணத்தை வாங்குகிறவர்தான், வாரிசுகளின் பங்கு அதனால் போய்விடாது என்பதையும் எல்லோருக்கும் சொல்லுங்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு போன் போட்டு, எந்த ஞாயிற்றுக்கிழமை வர முடியும் என்று கேளுங்கள். அவள் சொல்கிற தேதியில் உட்காருங்கள்.